அளவு சொல்லாத கைவைத்தியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் இரண்டு ஆண்டுகளாக வெளிவரும் இயற்கை உணவு, கைவைத்தியக் குறிப்புகளை நான் ஒரு வாரமும் விடாமல் படித்துவருகிறேன். தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் காலைக் காப்பியோடு தமிழ்த் தாளைப் பிரிக்காவிட்டால் எனக்குப் பொழுது விடிவதில்லை. அரசு மருந்தகம் ஒன்றில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதாலும், கஷாயமும் பத்தியமுமாக வாழ்ந்த குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதாலும், அந்தப் பகுதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். குறிப்புகளில் பெரும்பாலானவை என் பாட்டி செய்தவைதாம். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எவ்வளவு கொடுப்பது, யாருக்கு ஆகாது, எத்தனை நாளோடு நிறுத்துவது என்ற மூன்றும் அவற்றில் இருப்பதே இல்லை. இது சிறிய குறையன்று என்பதை எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மயூர் விகாரில். என் கணவர் விடியற்காலையில் அருகிலுள்ள பூங்காவில் நடந்துவிட்டு வருவார். தில்லிப் பூங்காக்களின் வாசலை அறிந்தவர்கள் அங்கே நிற்கும் சாற்று வண்டிகளையும் அறிந்திருப்பார்கள். நெல்லிக்காய், பாகற்காய், கோதுமைப்புல், கற்றாழை, சுரைக்காய் என்று பிழியக்கூடியதையெல்லாம் பிழிந்து கண்ணாடிக் குவளைகளில் வரிசையாக ஊற்றி வைத்திருப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எதைச் சொன்னாலும் அதற்கொரு கலவை உண்டு. ‘வெறும் வயிற்றில் தினமும் ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாறு’ என்று தங்கள் மலரில் வந்த குறிப்பைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியவளும் நான்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாற்றை அவர் வாங்கிக் குடித்தார். முதல் மிடற்றிலேயே நாக்கு சுருளும் கசப்பு. அவர் தயங்குவதைக் கண்ட வண்டிக்காரர், “கசந்தால்தான் பலன், அங்கிள்ஜி” என்றிருக்கிறார். பாகற்காய் கலந்தால் கசக்கத்தானே செய்யும் என்று இவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் விழுங்கிவிட்டார்.

பாதி வழியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டவரை, யாரோ ஓர் ஆட்டோக்காரர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார். உள்ளே வந்ததும் வாந்தி. மூன்றாவது முறை எடுத்தபோது காப்பித் தூளைக் கரைத்தாற்போலக் கறுப்பாக வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் சேர்த்தபோது மேல் அழுத்தம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் உட்சுவரெல்லாம் புண்ணாகி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கசந்த சுரைக்காயின் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, புண் ஆற மருந்து கொடுத்து, காத்திருக்க வேண்டியதுதான். நான்காம் நாள்தான் வீடு திரும்பினோம். அன்று மாலையே கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிய்த்தெடுத்துவிட்டு, அதில் நான் கவனிக்காமல் விட்டது என்ன என்று பலமுறை படித்துப் பார்த்தேன். கவனிக்க அதில் எதுவும் இல்லை.

சுரை, பாகல், புடல், பீர்க்கு, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள். அந்தக் குடும்பத்துக்கே குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளைச் சுரக்கும் குணம் உண்டு. பயிரிடும் சுரைக்காயில் அது இருப்பது தெரியாத அளவு குறைவு. கடும் வெயில், தண்ணீர்ப் பஞ்சம் போன்ற நெருக்கடி ஏற்பட்டாலோ, காய் முற்றினாலோ அது கூடிவிடும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வேகவைத்தாலும் போகாது. நாக்கு ஒன்றுதான் சோதனைக்கூடம். இதையெல்லாம் நம் முன்னோர் அறியாமல் இல்லை. காட்டில் விளையும் கசப்பு வகைகளுக்குப் பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு என்று பேரிலேயே பேயை வைத்தார்கள். என் அம்மா வெள்ளரிக்காயானாலும் சுரைக்காயானாலும் காம்புப் பக்கத்தில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் அரிவாள்மணையில் உட்கார்ந்ததில்லை. கசந்தால் காய் முழுவதும் குப்பைக்குப் போகும். பேய்ப்புடல் மருந்தாகாதா என்றால், ஆகும். நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது மற்ற எட்டோடு சேர்ந்து, இடித்து, காய்ச்சி, நிறுத்த அளவில் போகிறது. யாரும் அதை டம்ளரில் பிழிந்து குடிக்கச் சொல்லவில்லை.

2010-ஆம் ஆண்டில் இதே தில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒருவர் இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து இதை ஆராய்ந்தது. குழு சொன்ன அறிவுரை மிக எளிது: சாறு எடுக்குமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள், சுரைக்காய்ச் சாற்றை வேறெந்தச் சாற்றோடும் கலக்காதீர்கள், குடித்த பின் குமட்டலோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கலக்கக் கூடாது என்பதன் பொருள் எனக்கு அந்த ஜூன் மாதத்தில்தான் விளங்கியது. பாகற்காயின் கசப்பு, சுரைக்காயின் கசப்பை மறைத்துவிட்டது. இந்த நான்கு வரிகளும் தங்கள் குறிப்பின் அடியில் இருந்திருந்தால் அரை அங்குல இடம் கூடப் பிடித்திருக்காது.

இதனால் நான் வீட்டு வைத்தியத்துக்கு எதிரி ஆகிவிடவில்லை. தாளுக்கு வரும்போது அந்த வைத்தியம் இளைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். பாட்டி கொடுத்த மருந்துக்கு மிளகளவு, சுண்டைக்காய் அளவு, புளியங்கொட்டை அளவு என்று கணக்கு இருந்தது. பொடியென்றால் திரிகடி, வெருகடி என்று விரல்களுக்கே அளவு இருந்தது. குடிநீரென்றால் தண்ணீர் நாலில் ஒன்றாக வற்ற வேண்டுமா, எட்டில் ஒன்றாகவா என்று சொல்லித்தான் அடுப்பேற்றுவார்கள். ‘சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு’ என்பது சரக்கைச் சுத்தி செய்யும் பாடம். சுக்கின் மேல்தோலைச் சீவி எறிய வேண்டும், கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று நேரமும் குறித்தார்கள். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமில்லை என்பதும் பழமொழிதான். இங்கே மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வரும் நாங்கள் இரண்டாவது பாதியை மறுக்க மாட்டோம். ஆனால் தங்கள் குறிப்புகளை எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, சீவ வேண்டிய தோலைப் பற்றிப் பேசுவதே இல்லை. ‘ஒரு ஸ்பூன்’ என்று எழுதுகிறார்கள். தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். எந்த ஸ்பூன்? மருந்தகத்தில் நான் மூன்று மடங்கு தவறாகக் கொடுத்திருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தில்லி போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே தெருமுனையில் நாட்டு மருந்துக் கடை கிடையாது. பார்த்து எடுத்துக் கொடுக்கும் அண்ணாச்சியும் கிடையாது. கரோல் பாக், ஐ.என்.ஏ. சந்தைக் கடைகளில் கிடைக்காத சரக்குக்கு, ஃபதேபுரி மசூதிக்குப் பக்கத்தில் காரி பாவ்லிக்குத்தான் போக வேண்டும். அங்கே சுக்கு என்றால் புரியாது, ‘சோண்ட்’ என்று கேட்க வேண்டும். அதிமதுரம் ‘முலேட்டி’, ஓமம் ‘அஜ்வாயின்’, சீந்தில் ‘கிலோய்’, வசம்பு ‘பச்’. கருஞ்சீரகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘காலா ஜீரா’ என்று கேட்டால் வேறொரு சீரகத்தைக் கட்டிக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டியது ‘கலோஞ்சி’. இது சமையலில் நடந்தால் குழம்பு கெடும், அவ்வளவுதான். மருந்தில் நடந்தால் என்னாகும் என்பதற்குச் சீந்திலே சாட்சி. 2020-இல் பெருந்தொற்றுக்குப் பயந்து ஊரெல்லாம் சீந்தில் கஷாயம் குடித்தபோது, அதைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்காமல், அது சீந்திலோடு குழப்பிக்கொள்ளத்தக்க வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. யார் சொன்னது சரியோ, குடித்தவர்கள் எதைக் குடித்தார்கள் என்பதே உறுதியாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அதில் பெரிய செய்தி.

மருந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களை அந்தக் குறிப்புகள் அடியோடு மறந்துவிடுகின்றன. நான் பணியில் இருந்தபோது, மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் இரத்த அழுத்தம் இறங்காத ஓர் அம்மாள் மாதந்தோறும் வருவார். ஒரு நாள் முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்ன என்று கேட்டேன். தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று நாள் முழுவதும் அதிமதுர வேரை மெல்லுகிறாராம். அதிலுள்ள கிளைசிரைசின், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும். வேரை நிறுத்தியதும் பழைய மாத்திரையே போதுமானதாயிற்று. இளநீரின் கதை இதற்கு நேர்மாறு: சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தங்கி இதயத்தின் துடிப்பையே கெடுக்கும்.

மஞ்சளும் மிளகும் சேர்ந்த பால் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து உடலில் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியான ஆய்வில், மிளகின் பைப்பரின் சேர்த்தபோது இரத்தத்தில் மஞ்சளின் குர்க்குமின் 2000 விழுக்காடு கூடியது. ஆனால் அதே பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினையும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினையும்கூட இரத்தத்தில் கூட்டிவிடும். பொங்கலிலும் ரசத்திலும் போடும் மிளகுக்கு யாரும் அஞ்ச வேண்டாம். அதைச் செறிவூட்டி மாத்திரைக் கூடாக விற்பதை வாங்கி விழுங்குகிறவர்கள்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் வெல்லம் சாப்பிட்டால் நுரையீரலிலுள்ள தூசியெல்லாம் வெளியேறும் என்று நவம்பர் பிறந்தாலே எழுதிவிடுகிறார்கள். 1994-இல் லக்னோவில் இருந்த தொழில்துறை நச்சியல் ஆய்வு மையம் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுதான் இதற்கு மூலம். எலிகள் என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. என் எதிர்வீட்டுச் சர்க்கரை நோயாளி, முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெல்லக்கட்டியை மென்றபடி நடக்கிறார்.

இவை பெரியவர்கள் தமக்குத் தாமே செய்துகொள்பவை. எனக்குத் தூக்கம் வராதது குழந்தைகளை நினைத்துத்தான். என் மகளின் பிள்ளைப்பேற்றின்போது ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர், பரிவோடு ஒரு வசம்பு வளையலும் உரசு கல்லும் கொண்டுவந்திருந்தார். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதை விளக்கில் சுட்டு உரசித் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவதை நானும் தடுக்கவில்லை. ஆனால் அதையே நாக்கில் தடவுவதும், குழந்தை வாயில் வைத்துச் சப்பும் வளையலாகக் கட்டுவதும் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். வசம்பிலுள்ள ஆசரோன் என்ற பொருளின் காரணமாக அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பு உள்ளே போனதால் ஓயாத வாந்தியும் சோர்வுமாகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவது நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் அறிந்ததே. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் அப்படித்தான். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாக முடியும். அந்தச் சொந்தக்காரருக்கு என்மேல் வந்த கோபம் புண்ணியாகவாசனச் சடங்கு வரை தீரவில்லை. வளையலை மட்டும் மறுபடி பெட்டியில் வைத்துக்கொண்டு, “நீங்களெல்லாம் இதில்தான் வளர்ந்தீர்கள்” என்றார். வளராமல் போனவர்களைப் பற்றி நம் குடும்பங்களில் பேசும் வழக்கமில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அளவோடு சொன்னால் அடுக்களை மருந்து எவ்வளவு பெரியது என்பதற்கும் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பனகாவ் முகாமில் அகதிகள் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ், குளுக்கோசும் உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடாக இருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா மாவு என்ற நிறுவைதான் அந்த மருந்தின் உயிர். வீட்டில் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இல்லாதபோது, காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். உப்பைக் கூட்டினால் அதுவே குழந்தையைக் கொல்லும். ‘கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை’ என்று தங்கள் கோடைக்காலக் குறிப்பில் வந்திருந்தது.

ஆகவே, இந்தப் பகுதியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அளவை மில்லிலிட்டரிலோ கிராமிலோ போடுங்கள். எந்த வயதுக்கு, எந்த நோயுள்ளவர்க்கு ஆகாது என்று ஒரு வரியும், எந்த அறிகுறி தோன்றினால் அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று இன்னொரு வரியும் சேருங்கள். தில்லி, மும்பை வாசகர்களுக்காகச் சரக்கின் இந்திப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பக்கத்தில் கொடுங்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவரும், ஆங்கில மருத்துவம் படித்த ஒருவரும் அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. இடம் போதாதென்றால் வாரத்துக்கு ஐந்து குறிப்புக்குப் பதில் இரண்டு போடலாம். முடிந்தால் அந்தந்த ஊரில் அந்தந்தப் பருவத்தில் விளைவதைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். குளிர்காலத் தில்லியில் நெல்லிக்காயும் வெந்தயக் கீரையும், இங்கே ‘பதுவா’ என்று கட்டுக்கட்டாக விற்கும் சக்கரவர்த்திக் கீரையும் மலிந்து கிடக்கும்போது, வாடிவரும் முருங்கைக் கீரைக்கு நாங்கள் ஏன் அலைய வேண்டும்?

மற்றவற்றுக்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் பொறுக்க முடியாது. சென்ற ஞாயிறு வெளியான இருமல் குறிப்பில், ‘கைக்குழந்தை முதல் பெரியவர் வரை’ இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கலாம் என்றிருக்கிறது. இரவில் இருமும் பிள்ளைக்குத் தேன் நல்லதுதான், ஒரு வயது நிரம்பியிருந்தால். அதற்குக் குறைந்த குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு ஈனமான அழுகை, பால் குடிக்க முடியாத தளர்ச்சி, கடைசியில் மூச்சே நின்றுபோகும் நிலை வரும். வீட்டில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. வரும் ஞாயிறு மலர்வரை காத்திராமல், நாளைய தாளிலேயே முதற்பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மயூர் விகார், தில்லி.